குளிர் கீழேயிருந்துதான் வரும்

ஒரு மாணவனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரத்தில் படிக்கிறான். மே மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஊரில் 25 டிகிரி செல்சியஸ், டி-ஷர்ட்டே அதிகம் என்கிற மாதிரி இதமான வானிலை. காரில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கிரேட் ஸ்மோக்கி மலைகள். புதிதாக வாங்கிய ஹாமக்கை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டுகிறான். மெல்லிய ஸ்லீப்பிங் பேக் ஒன்றோடு அதில் ஏறிப் படுக்கிறான். இரவு பத்து மணிக்கு சொர்க்கம்.

இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது. நெஞ்சில் லேசாக வியர்வை. ஆனால் முதுகும் பின்பக்கமும் ஐஸ் கட்டி மேல் வைத்த மாதிரி மரத்துக் கிடக்கின்றன. பையில் இருக்கும் எல்லாத் துணியையும் எடுத்து மேலே போட்டுக்கொள்கிறான். ஒரு பிரயோஜனமும் இல்லை. விடிகிற வரை புரண்டுவிட்டு, இந்த ஹாமக் நமக்கு ஒத்துவராது, வந்த விலைக்கு விற்றுவிடலாம் என்று முடிவுக்கு வருகிறான்.

இவன் கற்பனைதான். ஆனால் ஹாமக்கில் முதல் இரவைக் கழித்த நிறையப் பேருடைய கதை இது. அங்கே இதற்கு 'கோல்ட் பட் சிண்ட்ரோம்' என்று ஒரு பட்டப்பெயரே இருக்கிறது. (தமிழில் மொழிபெயர்த்தால் மரியாதை போய்விடும், விட்டுவிடுவோம்.)

ஹாமக் என்பது நம்மூர்த் தூளியின் பெரியப்பா. கரீபியன் தீவுகளின் தைனோ மக்கள் படுத்துறங்கிய படுக்கை, அவர்களுடைய 'அமாக்கா' என்ற சொல்தான் ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அது வெப்பப் பிரதேசத்துப் படுக்கை. கீழே காற்றோட வேண்டும், ஈரத் தரையும் பூச்சியும் எட்டக்கூடாது, இதுதான் அதன் வேலை. சித்திரை வெயிலில் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுப் படுத்தவர்களுக்கு இந்த சுகம் தெரியும். அந்த சுகத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் 1500 மீட்டர் உயர மலையில் கட்டினால் அதுவே எதிரியாகிவிடுகிறது!

"ஸ்லீப்பிங் பேக் முதுகுக்குக் கீழேயும்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் நசுங்கி இருக்கிறது. போர்வை நமக்குச் சூடு கொடுப்பதில்லை. சூடு நம் உடம்பினுடையது. போர்வைக்குள் உப்பலாக அடைபட்டிருக்கும் காற்று அந்தச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அறுபது எழுபது கிலோ உடம்பு மேலே ஏறிப் படுத்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும். மிஞ்சுவது இரண்டு துணியும் அப்பளமாகிப்போன பஞ்சும். கூடாரத்தில் படுப்பவனுக்குக் கீழே பாய் இருக்கிறது, பூமி இருக்கிறது. ஹாமக்கில் படுப்பவனுக்குக் கீழே ஓடிக்கொண்டே இருக்கும் காற்று. அவன் சூடாக்கிய காற்றை அது நொடிக்கு நொடி கொண்டுபோய்விடுகிறது.

இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. போர்வையை உள்ளே போடாமல், ஹாமக்குக்கு வெளியே, அடியில் கட்டித் தொங்கவிடுவது. உடம்பின் எடையை ஹாமக் துணி தாங்கிக்கொள்கிறது. போர்வை நசுங்காமல் உப்பலாகவே இருக்கிறது. இதுதான் அண்டர்க்வில்ட். அடிப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். மேலே போர்த்துவது டாப்க்வில்ட். முதுகுப்பக்கம் வெட்டி எடுத்த ஸ்லீப்பிங் பேக் மாதிரி இருக்கும். நசுங்கப்போகிற பாகத்தை எதற்குச் சுமக்க வேண்டும் என்ற கணக்குதான்.

இப்போது பணத்துக்கு வருவோம். நம் மாணவனிடம் கல்லூரி கேன்டீனில் வேலை பார்த்துச் சேர்த்த 150 டாலர் இருக்கிறது. இந்தக் கோடைக்கு அவ்வளவுதான். பெரும்பாலானவர்கள் செய்வது, மேலுக்குப் பாதி, கீழுக்குப் பாதி என்று பிரித்து, இரண்டையும் சுமாராக வாங்குவது. இல்லையென்றால் கைக்குத் தெரிகிற, தடவிப் பார்க்க நன்றாக இருக்கிற மேல்போர்வைக்கே எல்லாவற்றையும் கொட்டுவது. மிதமான வானிலைக்கு இரண்டும் தப்பு. மேலே போர்த்த வீட்டிலிருக்கும் ஃப்ளீஸ் போர்வை போதும். அதே பழைய ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் திறந்து விரித்துப் போர்த்திக்கொண்டாலும் போதும். கீழே இருக்க வேண்டியதற்கு வீட்டில் மாற்று கிடையாது. முதல் வருடப் பொருளியலில் படிக்கும் அதே பாடம்தான், பற்றாக்குறையான பணத்தை எங்கே போட்டால் அடுத்த டாலருக்கு அதிகப் பலன் கிடைக்குமோ அங்கே போடு. 150 டாலரும் கீழே போகட்டும்.

இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. நீல நிற ஃபோம் பாயை ஹாமக்குக்குள் விரிப்பது. குளிரைத் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதாரணப் பாயின் அகலம் 20 அங்குலம். ஹாமக் துணி இரண்டு பக்கமும் தோளை அணைப்பதால் தோள்கள் பாய்க்கு வெளியே போய் அங்கே குளிரும். இரவில் அது நழுவும், முதுகில் வியர்வை கோக்கும். அவசரத்துக்குச் சரி.

'மிதமான வானிலை' என்ற சொல்தான் இதில் பெரிய ஏமாற்று. நாக்ஸ்வில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர். ஸ்மோக்கி மலைகளின் உச்சியான குவோஹி 2025 மீட்டர். (2024 வரை கிளிங்மன்ஸ் டோம் என்ற பெயர். செரோக்கி மக்கள் வழங்கிய பெயர் அந்த வருடம் திரும்பக் கிடைத்தது.) அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை வித்தியாசம் வரும். செல்சியஸில் சொன்னால் சுமார் 6 முதல் 11 டிகிரி. போதாக்குறைக்கு அது அமெரிக்காவில் அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 85 அங்குலம். நகரத்தில் செல்போன் காட்டும் வெப்பநிலையைப் பார்த்துப் போர்வை வாங்குவது சென்னை வெயிலைப் பார்த்துக் கொடைக்கானலுக்குத் துணி எடுத்து வைப்பது போல. இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் இல்லை. ஹைப்போதெர்மியா பனிக்காலத்தில் மட்டும் வருவதல்ல. 10 டிகிரியில் நனைந்த உடம்போடு காற்றில் கிடந்தாலும் வரும்.

ஆக, கோடை இரவுகளில் 10 டிகிரி செல்சியஸ் எதிர்பார்த்தால் 50 ஃபாரன்ஹீட், அதாவது 10 டிகிரி என்று முத்திரை குத்திய போர்வையை வாங்கக்கூடாது. 40 ஃபாரன்ஹீட், சுமார் 4 டிகிரி என்று போட்டதை வாங்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக்குகளை அளக்க ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு தரநிலை இருக்கிறது. சௌகரியமாகத் தூங்கும் வெப்பநிலை வேறு, தாங்கக்கூடிய எல்லை வேறு என்று அது பிரித்துச் சொல்கிறது. ஹாமக் போர்வைகளுக்கு அந்தச் சோதனை கிடையாது, தயாரிப்பவர் சொல்வதுதான் எண். அது பெரும்பாலும் 'தாங்கும்' எண், 'தூங்கும்' எண் அல்ல. சட்டென்று குளிர் பிடிக்கும் உடம்புக்காரர்கள் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். அதற்காக மைனஸ் 18 வரை தாங்கும் போர்வையைக் கோடைக்கு வாங்கினால், வியர்வையில் நனைந்து, அந்த ஈரத்திலேயே விடியற்காலை நடுங்க வேண்டியதுதான்.

உள்ளே என்ன அடைத்திருக்கிறது? இரண்டு வகை. ஒன்று வாத்தின் நெஞ்சுப் பக்கத்துத் தூவி. (புதிய சங்கதி இல்லை. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் படுக்கையிலேயே அன்னத்தின் தூவி இருக்கிறது. அதுவும் வாடைக்காலம்!) 850 ஃபில் பவர் என்று போட்டிருந்தால், ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி 850 கன அங்குலம் உப்பி நிற்கும் என்று அர்த்தம். லிட்டர் கணக்கில் கிட்டத்தட்ட 14! எடை குறைவு, கைக்குள் சுருட்டலாம், விலை அதிகம். நனைந்தால் அந்த உப்பல் போய்விடும்.

இன்னொன்று கிளைமாஷீல்ட் மாதிரி செயற்கை இழை. எடை கூடுதல், பொட்டலம் பெரிது, ஆனால் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கடும் குளிருக்கு இழைப் போர்வை மூட்டையாகிவிடும், அங்கே தூவிதான் ராஜா. மிதமான வானிலைக்கு வேண்டியதே மெல்லிய போர்வை என்பதால் இரண்டுக்கும் எடை வித்தியாசம் சில அவுன்ஸ்தான். அந்தச் சில அவுன்ஸுக்காகக் கூடுதல் காசு கொடுத்து, அதுவும் இவ்வளவு மழை பெய்யும் மலைக்குத் தூவியைக் கொண்டுபோவது மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாத பெருமை. ஊசி நூல் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2010களில் காஸ்ட்கோ கடைகளில் சுமார் 20 டாலருக்கு விற்ற தூவிப் போர்வையை வாங்கி, இரண்டு ஓரத்தையும் மடித்துத் தைத்து, எலாஸ்டிக் கயிறு கோத்து, பலர் அடிப்போர்வையாக மாற்றிக்கொண்டார்கள்.

நீளத்தில் முழு நீளம், முக்கால் நீளம் என்று இரண்டு. கோடைக்கு முக்கால் போதும். தோளிலிருந்து முழங்கால் வரை வரும், பாதத்துக்குக் கீழே உட்காரும் சிறு ஃபோம் துண்டைப் போட்டுக்கொள்ளலாம்.

எதை வாங்குவது என்பதில் பாதிதான் விஷயம். மீதிப் பாதி எப்படிக் கட்டுவது என்பதில். அருமையான போர்வையை வாங்கிவிட்டு "இதுவும் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். போர்வை தொளதொளவென்று தொங்கினால் முதுகுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி விழும். ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் அந்த இடைவெளியிலிருக்கும் சூடு வெளியே தள்ளப்படும். அதற்குப் பயந்து இழுத்துக் கட்டினால் போர்வை நசுங்கி, பழைய கதைக்கே திரும்பிவிடும். உடம்பைத் தொட வேண்டும், அழுத்தக்கூடாது. ஹாமக்கில் குறுக்குவாட்டில் சாய்ந்துதான் படுப்பார்கள் (அப்போதுதான் முதுகு வாழைப்பழம் மாதிரி வளையாது). அதனால் வெறும் ஹாமக்கைப் பார்த்துச் சரிசெய்வது வீண். ஒருவர் உள்ளே படுத்துக்கொள்ள, இன்னொருவர் கீழே கையை விட்டு, முதுகிலும் தோளிலும் இடுப்பிலும் இடைவெளி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். இரு முனைகளிலும் இருக்கும் சுருக்குக் கயிறு முக்கியம். அது திறந்து கிடந்தால் போர்வையின் நடுப்பகுதி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காற்று சுரங்கப்பாதையில் நுழைவது போல உள்ளே போகும். இதையெல்லாம் வீட்டுக் கொல்லையில் பகலில் செய்து பார்ப்பது நல்லது. இரவு இரண்டு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முடிச்சு அவிழ்ப்பது எளிதல்ல.

நம் மாணவன் ஹாமக்கை விற்கவில்லை. 40 ஃபாரன்ஹீட் எண் போட்ட இழைப் போர்வை ஒன்றை, முக்கால் நீளத்தில், கையிலிருந்த காசுக்குள் வாங்குகிறான். ஜூன் மாதம் அதே மலை. அறை நண்பன் கீழே குனிந்து கையை விட்டுப் பார்த்து, "இடது தோள்ல கொஞ்சம் காத்து போகுதுடா" என்கிறான். கயிற்றை இரண்டு விரல் அகலம் இழுத்து விடுகிறார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு முறை விழிப்பு வருகிறது, இந்தத் தடவை முதுகு வெந்துபோய். கால் பக்கத்துச் சுருக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மேலே கிடந்த பழைய ஃப்ளீஸ் போர்வையை இடுப்பு வரை தள்ளிவிட்டுத் தூங்கிப்போகிறான்.