அப்படியே அந்தப் பாத்திரத்தையும்

மே 18, 2025, ஞாயிறு

இன்னும் பதினைந்தே நாள். ஜூன் 2-இல் பள்ளிக்கூடம் திறக்கிறது, அத்தோடு என் மகப்பேறு விடுப்பும் முடிகிறது. முழுதாக ஒரு வருடம். 2021-க்கு முன்பென்றால் ஒன்பதாவது மாதமே கிளம்பியிருக்க வேண்டும். பாப்பா நடை பழகி ஓட்டத்துக்கு வந்துவிட்டாள். அத்தைக்கு முழங்கால் வலி, பின்னால் ஓட முடியாது.

பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்தும் ஆள் கிடைக்கவில்லை. தறி வீட்டுப் பெண்பிள்ளைகள் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸில் சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் போய்விடுகிறார்கள். அங்கே வயது பார்த்து வேண்டாம் என்று விட்டவர்கள்தான் நமக்கு. இதை எழுதும்போதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

மே 21, புதன்

பால்காரம்மா சொல்லி ஓர் அக்கா வந்தார். பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், நாற்பத்தேழு வயது. பிங்க் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை, அதனால் வந்துபோகிற செலவு கிடையாது. வந்தவுடன் பாப்பாவைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கை வளையலைக் கழற்றி உருட்டிவிட்டார். பாப்பா அதன் பின்னாலேயே போய்விட்டாள்.

"எவ்ளோ எதிர்பாக்கறீங்கக்கா?"

"நீங்களே பாத்துக் குடுங்க டீச்சர்."

எனக்கு இந்தப் பதில்தான் பயம். பார்த்துக் கொடுக்கிறவர் எப்போதும் தன் பையைத்தான் பார்ப்பார். உள்ளேயிருந்து அத்தை "ஆறாயிரம்" என்றார். "பன்னெண்டு குடுங்க" என்றார் அக்கா உடனே. மனதில் தொகை இருந்திருக்கிறது, கேட்கத்தான் தயக்கம்.

அவர் போனதும் அத்தை ஒரு கணக்குச் சொன்னார்: "அவளுக்குத்தான் கவர்மென்ட்ல மாசம் ஆயிரம் வருதே." மகளிர் உரிமைத் தொகை. 2023 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். அது அவர் தன் வீட்டில் பாடுபடுவதற்கு, அத்தை. நம் வீட்டில் பாடுபடுவதற்கு நாம்தான் தர வேண்டும்.

மே 22, வியாழன்

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலை 8 முதல் மாலை 5.30 வரை, ஒன்பதரை மணி நேரம். சனி, ஞாயிறு போக மாதம் 22 நாள் என்றால் 209 மணி. வீட்டு வேலைக்குத் தமிழக அரசு 2018-இல் வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 முதல் 39 ரூபாய். 39 என்றே வைத்தாலும் 8,151. அது ஏழு வருடத்துக்கு முந்தைய தொகை. நூறு நாள் வேலையில் இந்த வருடக் கூலி 336, அதே 22 நாளுக்கு 7,392. அத்தையின் ஆறாயிரம், ஏரியில் மண் வெட்டுகிற கூலிக்கும் கீழே.

"உன் சம்பளத்துல இவ்ளோ போயிடுமே" என்றார் இவர். பாப்பா இரண்டு பேருக்கும் பாப்பா, ஆயா சம்பளம் மட்டும் ஏன் என் சம்பளத்தில் போகிறது என்று கேட்டேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். ஒன்றுதான் என்றால் சரி, பாதியை அவர் பேரில் எழுதிவிட்டேன். அக்காவின் சம்பளம் மொத்தம் பதினோராயிரம்.

மே 24, சனி

அக்காவும் நானும் ஒரு தாளில் எழுதினோம். பாப்பாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது, அவள் துணி, அவள் கிண்ணம். இதற்கு மேல் இல்லை. மாதம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு, காய்ச்சல் தலைவலி என்றால் அது தனி. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம். 5.30-க்கு மேல் நான் தாமதமானால் மணிக்கு 60 ரூபாய்.

"மே மாசம் உங்களுக்கு லீவாச்சே டீச்சர், எனக்கு?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அட்வான்ஸாகப் பதினைந்தாயிரம் கிடைக்குமா என்றார். அத்தை என் காதோடு சொன்னார்: "குடுத்துடு. கடன் நின்னாத்தான் வேற எடம் போகமாட்டா." மாமா எழுந்துபோய் டிவியை நிறுத்தினார்.

மே 25, ஞாயிறு

மாமா நேற்று ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை காபியோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருத்தரால் முடியாது, ஓரத்தில் ஒரு சின்னப் பையன் வேண்டும். 1966-இல் மாமாவுக்கு ஒன்பது வயது. அவருடைய அப்பா ஒரு தறிக்காரரிடம் நூற்றைம்பது ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இவரை உட்காரவைத்தார். கூலியில் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். நோட்டு தறிக்காரரிடம். ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு காய்ச்சல் வந்தால் மேலும் ஐம்பது ஏறும். "என் முழுக்கூலி எவ்ளோன்னு பதினோரு வருஷம் எனக்குத் தெரியாது. கண்ணால பாத்ததே இல்ல." கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. "சட்டம் டில்லியில வந்துச்சு. எங்க தெருவுக்கு வரல." பட்டுத் தறிகளில் அட்வான்ஸுக்குக் கட்டுண்ட பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது என்று சொன்னேன். எதையாவது புதிதாகச் சொல் என்பதுபோல் பார்த்தார்.

"அப்ப பணம் குடுக்க வேணாமா மாமா?"

"குடு. அந்தப் பொண்ணு படிக்கட்டும். ஆனா சம்பளத்துல புடிக்காத. முழுச் சம்பளத்தையும் மொதல்ல கையில குடு. எண்ணிப் பாக்கட்டும். அப்பறம் அந்தம்மாவா எடுத்துக் குடுக்கறத வாங்கிக்க. நோட்டு அந்தம்மாகிட்ட இருக்கட்டும். நாளைக்கே வேலைய விட்டுப் போனாலும் போகட்டும், கடன் வேற, வேலை வேற."

மே மாதச் சம்பளத்தைப் பற்றியும் கேட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரமாகும், தறி நிற்கும், கூலியும் நிற்கும் என்றார். "வயிறு நிக்குமா?" எனக்கு மே மாதம் வீட்டில் உட்கார்ந்தாலும் சம்பளம் வருகிறது. அக்காவுக்குப் பாதி தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். முழுதும் தர மனம் வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

முதல் நாள். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது பாப்பாவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு வாரம்தான் தாங்கியது. சாயங்காலம் வந்தால் அக்கா முற்றத்தில் எங்கள் வீட்டுக் குக்கரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "பாப்பா தூங்கறா, அப்படியே அந்தப் பாத்திரத்தையும் போட்டுடேன்னு அம்மா சொன்னாங்க." நேற்று அப்படியே அரிசி ஊறவைத்தாராம். இந்த "அப்படியே" ஒரு பொல்லாத சொல். அதற்குக் கூலி கிடையாது, நேரம் கிடையாது, தாளில் இடமும் கிடையாது.

அத்தையிடம் சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது, வெள்ளிக்கிழமை "அப்படியே என் யூனிஃபார்ம் கோட்டையும் அலசிப்போட்டுடுங்கக்கா" என்று சொன்னது நான்.

இன்னொன்றும் இன்று கண்ணில் பட்டது. பின்பக்க ஜன்னல் விளிம்பில் ஓர் எவர்சில்வர் டம்ளரும் தட்டும் தனியாகக் கவிழ்ந்திருந்தன. யாருடையது என்று நான் கேட்கவில்லை, அத்தையும் சொல்லவில்லை. எடுத்து அடுக்களை அலமாரியில் மற்றவற்றோடு வைத்தேன். ராத்திரி மாமா எந்த டம்ளர் என்று பார்க்காமல் அதில்தான் மோர் குடித்தார். பார்த்தும் இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

இன்று வீட்டுப் பணியாளர்களுக்கான உலக நாள். அவர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் இதே தேதியில்தான் ஓர் உடன்படிக்கை நிறைவேற்றியது. அதன் எண் 189. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. இந்த ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று ஒரு சட்டம் வேண்டுமா என்று பார்க்கக் குழு அமைக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. அக்காவிடம் விளக்கமாகச் சொல்லி முடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இன்னிக்கு லீவா டீச்சர்?" என்றார்.

2007-இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவர் பதியவில்லை. அறுபது வயது வரை சேரலாம். சனிக்கிழமை ஆதாரையும் ரேஷன் கார்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். லீவு நாளில் கூப்பிட்டது தப்போ?

ஜூன் 30, திங்கள்

முதல் சம்பளம். ஐந்நூறு ரூபாய்த் தாள் இருபத்திரண்டு, அதோடு இரண்டு நாள் நான் தாமதமானதற்கு 120. மாமா திண்ணையை விட்டு உள்ளே வந்து நின்றுகொண்டார். அக்கா ஒவ்வொன்றாக எண்ணினார், இரண்டாவது தடவையும் எண்ணினார். பிறகு இரண்டு தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது கடனுக்கு" என்றார். ஒயர் கூடையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார். மாமா தேதி போட்டு, பாக்கி 14,000 என்று எழுதி, திருப்பிக் கொடுத்தார். நோட்டு டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்கு அரை மணி லேட்டாகும் டீச்சர், ரேஷன் கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

"அப்படியே நம்ம கார்டையும்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"பாத்து மெதுவா வாங்கக்கா" என்றேன்.