கிழங்கு சுடாத கை

பழமொழி பொறுக்குற பழக்கம் எனக்கு உண்டு. எந்த நாவல் படிச்சாலும் நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டா நோட்டுல எழுதி, மேல நட்பு, பணம், தாய்னு ஒரு தலைப்பு போட்டு வெச்சுடுவேன். சினுவா ஆச்சிபியோட 'சிதைவுகள்' (ஆங்கிலத்துல 1958ல வந்தது, தமிழ்ல என்.கே. மகாலிங்கம்) முதல்முறை படிச்சப்போ செம வேட்டை. நைஜீரியாவோட இக்போ கிழவர்கள் வாயைத் திறந்தாலே பழமொழிதான்.

போன மாசம் திரும்பப் படிச்சேன். பாதி தலைப்பு தப்பு!

நிக்கிறவன் மேல வெயில் பட்ட பிறகுதான் அவனுக்குக் கீழ மண்டி போட்டவன் மேல படும்னு ஒண்ணு. 'மரியாதை'ங்கிற தலைப்புல கிடந்துச்சு. கதையில அதைச் சொல்றது உனோகா, ஊரெல்லாம் கடன் வெச்சிருக்கிற ஆள். இருநூறு சோழி கடனைக் கேக்க வந்தவன்கிட்ட சுவத்துல இருக்கிற சுண்ணக்கோடுகளைக் காட்டி, பெரிய கடனைத்தான் முதல்ல அடைப்பேன்னு சொல்லி அனுப்புறான். பெரியவங்க வாக்கை வெச்சே வந்தவனுக்கு நாமம் :-)

இது சிரிப்போட போச்சு. அடுத்தது போகலை.

'தாய்' தலைப்புல இருந்தது இது: அம்மா பிள்ளையோட உள்ளங்கையில வைக்கிற சூடான கிழங்கு அதோட விரலைச் சுடாதாம். (கிழங்குன்னா யாம். சேனை இல்லீங்க, நம்ம பெருவள்ளி சாதி.) அன்னையர் தினத்துக்கு ஒரு நண்பனுக்கு அனுப்பிக்கூட இருக்கேன்.

இதைச் சொல்றவன் உனோகாவோட மகன் ஒகொங்வோ. எப்போ சொல்றான்? இக்கெமெஃபூனாங்கிற பையன் மூணு வருஷம் அவன் வீட்டுல வளர்ந்தவன், அவனை அப்பான்னு கூப்பிட்டவன். தெய்வவாக்கு அவனைக் கொல்லச் சொல்லுது. ஊர்ப் பெரியவர் எசெயுது, நீ இதுல கை வைக்காதேன்னு தனியா கூப்பிட்டுச் சொல்றார். கோழைன்னு நினைச்சுடுவாங்களோங்கிற பயத்துல இவனே வெட்டுறான். இந்த மாதிரி காரியம் பூமித்தாய்க்கு ஆகாதுன்னு நண்பன் ஒபியெரிகா பிறகு சொல்றப்போ, அதுக்குப் பதிலா வருது இந்தக் கிழங்கு. இங்க அம்மா பூமித்தாய், கிழங்கு கொலை.

ஒபியெரிகா அதை மறுக்கலை. என் பிள்ளையைக் கொல்லணும்னு வாக்கு வந்தாலும் எதிர்க்க மாட்டேன், ஆனா அதைச் செய்றவனா நான் இருக்க மாட்டேன்ங்கிறான்.

அந்த எசெயுதுவோட சாவுச்சடங்குலதான் ஒகொங்வோவோட துப்பாக்கி வெடிச்சு, எசெயுதுவோட மகனே சாகுறான். தெரியாம நடந்ததுதான். ஆனாலும் பூமித்தாய்க்கு எதிரான குத்தம், ஏழு வருஷம் ஊரை விட்டுப் போகணும். அந்தக் கொலைக்கு இது தண்டனைன்னு ஆச்சிபி எங்கேயும் சொல்லலை. வரிசையா வைக்கிறார், அவ்வளவுதான்.

இதுக்கு மேல ஒண்ணு, முதல் வாசிப்புல கண்ணுலயே படலை. மறுநாள் விடியறப்போ பூமித்தாய் பேரால ஒகொங்வோவோட வீட்டை இடிச்சுக் கொளுத்த வந்த கூட்டத்துல ஒபியெரிகாவும் இருக்கான். செய்றவனா இருக்க மாட்டேன்னு சொன்ன அதே ஆள்! எல்லாம் முடிஞ்சு வீட்டுல உக்காந்து யோசிக்கிறான், விடை கிடைக்கலை.

புத்தகத்தை மூடிட்டேன். சில வருஷம் முன்னாடி, நான் வேலை கத்துக்கொடுத்த, என்னை அண்ணேன்னு கூப்பிட்ட ஒரு பையன்கிட்ட வேலைநீக்கக் கடிதத்தை நான்தான் கொடுத்தேன். மனிதவளத்துறை ஆளே கொடுத்திருக்கலாம். நீங்க கொடுத்தா நல்லா இருக்கும்னு மேல சொன்னாங்க, சரின்னுட்டேன். "மேலிடத்து முடிவுப்பா, என் கையில என்ன இருக்கு" இதுதான் நான் அவன்கிட்ட சொன்னது. என் கையில அந்தக் கவர் இருந்துச்சு.

நோட்டுல 'தாய்'ங்கிறதை அடிச்சுட்டேன். வேற என்ன தலைப்புன்னு தெரியலை. ஆச்சிபியோட 'கடவுளின் அம்பு' (1964) படிச்சவங்க இருந்தா சொல்லுங்க. அதுலயும் இதே கதிதான் ஆகும்னு நினைக்கிறேன், அந்தப் பக்கங்களையும் திருத்தணும்.