பழைய பெட்டியும் உண்மைச் சொல்லும்

புதுப்பொருளை விற்கும் வணிகர் பொருளை மட்டுமே விற்கிறார். பழம்பொருளை விற்பவரோ, பொருளோடு தம் சொல்லையும் சேர்த்தே விற்கிறார். புதியதற்குத் தொழிற்சாலையின் முத்திரை உண்டு. உத்தரவாதச் சீட்டும் உண்டு. பழையதற்கு விற்பவரின் வாய்மொழியைத் தவிர வேறு சான்று ஏது? வேலை நிமித்தம் இங்கிலாந்தில் குடியேறி, சனிக்கிழமைகளில் கிட்டாருக்குரிய பழைய வால்வு ஆம்பிளிஃபையர்களை வாங்கிப் பழுதுநீக்கி விற்றுவரும் எனக்கு, இந்த உண்மை ஒவ்வொரு பெட்டியோடும் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

வால்வு ஆம்பிளிஃபையர் என்றால் என்னவென்று இளைய வாசகர்கள் கேட்கக்கூடும். ஒருகாலத்தில் நம் இல்லங்களை அலங்கரித்த வால்வு ரேடியோவை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். குமிழைத் திருப்பியவுடன் பாட்டு வராது. உள்ளேயுள்ள கண்ணாடிக் குழாய்கள் கனன்று சூடேறிய பின்னரே குரல் எழும். அத்தகைய குழாய்களே கிட்டாரின் மெல்லிய ஓசையைப் பெருக்கித் தருகின்றன. 1904-ஆம் ஆண்டில் ஜான் ஆம்புரோஸ் ஃபிளெமிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் முதல் வால்வை அமைத்தார். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் அதனுள் மூன்றாவது மின்முனை ஒன்றைச் சேர்த்தார். அதன் பயனாக, நலிந்த மின்துடிப்பு ஒன்று வலிய மின்னோட்டத்தை ஆட்டுவிக்க வழி பிறந்தது. 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் தோன்றியபின், ரேடியோவும் தொலைக்காட்சியும் வால்வுக்கு மெல்ல மெல்ல விடைகொடுத்தன.

கிட்டார் கலைஞருள் பலர் மட்டும் விடைகொடுக்க மறுத்துவிட்டனர். காரணம் இதுதான். வால்வுப் பெட்டியில் மென்மையாக மீட்டினால் குரல் தெளிந்து ஒலிக்கும். அழுத்தி மீட்டினால் சிறிது சிறிதாகத் தடித்து, இனிய கரகரப்பைப் பெறும். வாசிப்பவருடைய விரலின் அழுத்தத்துக்கு அது உடனுக்குடன் விடைகூறும். ஆதலால் இன்றும் சுலோவாக்கியா, ரஷ்யா, சீனா முதலிய நாடுகளில் வால்வுகள் உற்பத்தியாகின்றன. அறுபது ஆண்டுகளைக் கடந்த பெட்டிகளும் விலைபோகின்றன.

இப்பெட்டிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரும் ஒரு குரலும் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கியவை மணியோசைபோல் தெளிவானவை. இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து டார்ட்ஃபோர்டு நகரில் டிக் டென்னி வடிவமைத்த வாக்ஸ் ஏசி 30 என்னும் 30 வாட் பெட்டி, கீச்சுக் குரலிலும் மினுமினுப்புக் குன்றாதது. பீட்டில்ஸ் குழுவினர் கையாண்டது அதுவே. மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1960-களின் தொடக்கத்தில் ஃபெண்டரின் பாஸ்மன் பெட்டியை முன்மாதிரியாகக்கொண்டு தம் முதல் பெட்டியை வெளிக்கொணர்ந்தார். மூலம் ஒன்றாயினும் வால்வும் ஸ்பீக்கரும் மாறவே, அதன் குரல் தடித்து முழங்கிற்று.

குரல் இவ்வாறு வேறுபட, விலையோ பெரும்பாலும் ஆண்டைப் பார்த்தே ஏறுகிறது. 1965-இன் தொடக்கத்தில் லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்னும் பெரும் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முற்பட்ட பெட்டி என்றால் விலை ஒரு படி மேலே. முகப்பு கறுப்பு நிறமாயின் உயர்வு, வெள்ளி நிறமாயின் தாழ்வு என்பது சந்தை வழக்கு. இதைக் காணுந்தோறும் தொடக்க நூலில் வரும் முதுபெருந்தந்தை ஈசாக்கின் நினைவு எனக்கு எழுகிறது. கண் மங்கிய அம்முதியவரின் செவி, வந்திருப்பவன் யாக்கோபு என்று சரியாகவே உணர்த்தியது. அவரோ செவியை விட்டுவிட்டு, ரோமம் போர்த்திய கையைத் தடவி ஏமாந்தார். பெட்டி வாங்க வருவோருள் பலரும் அவ்வாறே குரலை விட்டு முகப்பைத் தடவிப் பார்க்கின்றனர்.

செவியும் எளிதில் ஏமாறக்கூடியதே. உரத்த ஓசை நல்லோசைபோல் தோன்றுவது மனித இயல்பு. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காது அடிக்குரலையும் கீச்சுக் குரலையும் குறைவாகவே ஏற்கும் என்பதை 1933-ஆம் ஆண்டிலேயே ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் அளந்து காட்டினர். எனவே இரு பெட்டிகளுள் ஒன்றைச் சற்றே உரக்க வைத்தால் போதும். கேட்பவர் அதையே சிறந்ததென்பார். விற்பவர் ஒரு சொல்கூடப் பொய் கூறவேண்டியதில்லை. குமிழை ஒரு நூலளவு திருப்பினால் குமிழே அவருக்காகப் பொய் சொல்லிவிடும். பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களை வைத்திருக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறதே, அந்த விதி இந்தக் குமிழுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆகவே என் வீட்டுக்கு வருவோர்க்கு நான் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். ஒரே கிட்டார், ஒரே வயர், ஒரே ஸ்பீக்கர். ஒலியளவும் கருவிகொண்டு சமமாக்கப்படும். கேட்பவர் பெட்டிகளுக்கு முதுகுகாட்டி அமர வேண்டும். ஒருமுறை ஒரு தந்தை பதினாறு வயது மகளோடு வந்தார். 1960-களின் நடுவில் செய்யப்பட்ட கறுப்பு முகப்புப் பெட்டி ஒன்றும், 1970-களைச் சேர்ந்த வெள்ளி முகப்புப் பெட்டி ஒன்றும் அன்று என்னிடம் இருந்தன. முன்னதன் விலை பின்னதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அச்சிறுமி முதுகுகாட்டி அமர்ந்து, இரண்டையும் மும்முறை கேட்டு, மும்முறையும் வெள்ளி முகப்பையே தேர்ந்தாள். தந்தையின் முகத்தில் வியப்பு, பிறகு நிம்மதி. எனக்கு ஆதாயம் குறைந்தது உண்மையே. ஆயினும் அவள் தன் செவிக்குகந்த குரலைப் பெற்றுச் சென்றாள்.

குரலையாவது கேட்டறியலாம், பெட்டியினுள் மறைந்திருக்கும் குறையை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? ஆண்டு பல சென்றால் கண்டன்சர்கள் உலர்ந்துபோகும். அதனால் பெட்டி இரையத் தொடங்கும். டிரான்ஸ்பார்மர் எரிந்து வேறொன்று மாற்றப்பட்டிருக்கலாம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். இவை பணத்தளவில் நேரும் நட்டங்கள். உயிரைத் தொடும் குறைகளும் உள. இப்பெட்டிகளுள் 400 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டன்சர்களில் அது தங்கியிருக்கக்கூடுமாதலால், பயிற்சியில்லாதோர் இதைத் திறத்தலாகாது. அமெரிக்காவிலிருந்து வந்த மிகப் பழைய பெட்டிகளுக்கு எர்த் கம்பியே கிடையாது. இருமுனைப் பிளக் மட்டுமே இருக்கும். அவற்றுள் ஒரு கண்டன்சர் பழுதுபட்டால், உலோகச் சட்டத்திலும் அதனோடு இணைந்த கிட்டார் கம்பியிலும் மின்சாரம் பாய வாய்ப்புண்டு. எர்த் இன்மை எத்துணைக் கொடிது என்பதற்குச் சான்றொன்று கூறலாம். 1972-ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் இளம் கிட்டார் கலைஞர் எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு, மேடையிலேயே மின்சாரம் தாக்கி உயிர்நீத்தார்.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் பெருந்தொகுப்பில், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சனையைப் பற்றித் தனியே ஆராய்ந்துள்ளார். வெளிப்படையாகத் தெரியும் குறையை, அதற்கேற்ப விலையைக் குறைத்திருந்தால், விற்பவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை என்கிறார் அவர். ஒற்றைக்கண் குதிரையை வாங்குபவர் தாமே காண்பாரன்றோ? ஆனால் மறைந்திருந்து நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் குறையைக் கூறியே தீரவேண்டும். இடிந்துவிழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பது அநீதி. வால்வுப் பெட்டியை அப்புனிதர் கண்டதில்லை. எனினும் எர்த் இல்லாத பெட்டிக்கும் இடிந்துவிழும் வீட்டுக்கும் என்ன வேறுபாடு?

நீதி விற்பவருக்கு மட்டும் உரியதென்று எண்ணலாகாது. வாங்குபவரையும் அது கட்டும். இதை எனக்குக் கற்பித்தவர், எங்கள் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். வால்வு ரேடியோக்களைப் பழுதுபார்த்தே வாழ்நாளைக் கழித்தவர். எனக்கு இத்தொழிலின் ஆசானும் அவரே. ஒரு நவம்பர் மாதம், இறந்தோரை நாம் சிறப்பாக நினைவுகூரும் அந்நாட்களில், கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் பழைய பெட்டி ஒன்றை விற்க விரும்புவதாகக் கேள்வியுற்று இருவரும் சென்றோம். படுக்கை விரிப்பால் மூடிவைத்திருந்த அதைத் திறந்து பார்த்தால், 1960-களின் தொடக்கத்தைச் சேர்ந்த வாக்ஸ் ஏசி 30! அவர் கேட்ட விலை 100 பவுன். அதன் மதிப்போ சில ஆயிரம் பவுன்.

நான் முதியவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிறிதும் தயங்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். அது இன்ன பெட்டி, இன்ன மதிப்புடையது, பழுதுநீக்க இவ்வளவு செலவாகும் என்று அனைத்தையும் அந்த அம்மையாருக்கு விளக்கினார். பிள்ளைகளோடு கலந்து பேசும்வரை எவருக்கும் விற்க வேண்டாம் என்றும் சொன்னார். அந்த அம்மையார் பெட்டியை மீண்டும் விரிப்பால் மூடினார். நாங்கள் தேநீர் அருந்திவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

வழியில் நான் அவரிடம் வாதிட்டேன். பல்லாண்டு முயன்று கற்ற அறிவே நம் முதல். அந்த முதலுக்கு ஆதாயம் எதிர்பார்ப்பது தவறா என்று கேட்டேன். அவர் சொன்ன விடை இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. அறிவைக்கொண்டு ஒரு பெட்டியைப் பேசவைத்தால் அதற்குக் கூலி பெறலாம். பிறருடைய அறியாமையிலிருந்து எடுப்பது கூலியன்று என்றார். பிற்பாடு புனித தாமஸின் நூலைப் புரட்டியபோது அதே கருத்தை அங்கும் கண்டேன். பொன்னைப் பித்தளையென்று எண்ணி ஒருவர் விற்க, உண்மை தெரிந்தே வாங்குபவர் அநீதி செய்கிறார். எடுத்ததைத் திருப்பித் தரும் கடமையும் அவருக்குண்டு என்பது அவர் முடிவு.

சந்தையில் எல்லாரும் இவ்வாறு நடந்தால் எவரும் பிழைக்க முடியாது என்பார் உளர். நான் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெரும் ஆதாயம் கிட்டாது. ஆனால் ஒருமுறை வாங்கியவர் தம் நண்பரை அழைத்து வருகிறார். நம் ஊரில் பழைய தையல் இயந்திரத்தையோ, மாட்டையோ, மோட்டார் சைக்கிளையோ விற்கும் குடும்பத்தாருக்கும் இதே நிலைதான். விற்கும் பொருள் நம் வாசலைத் தாண்டிச் சென்றாலும், அதைப் பற்றி நாம் சொன்ன சொல் நம் பெயரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அருகில் நின்று கேட்கும் பிள்ளைகள் நேர்மையையோ சூதையோ மறைக்கல்வி வகுப்பில் கற்பதற்கு முன்பே அந்த வாசலில் கற்றுக்கொள்கின்றனர்.

இப்போது நான் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் பின்பலகையிலும் ஒரு தாளை ஒட்டி அனுப்புகிறேன். மாற்றப்பட்ட உறுப்புகள், எஞ்சியுள்ள குறைகள், எர்த் சோதித்த நாள் ஆகியவை அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்காமல் செல்பவர்களும் உண்டு. அவர்களை வாசல்வரை சென்று வழியனுப்பி வைக்கிறேன்.