பையர் வரும்போது மேசையில் என்ன இருக்க வேண்டும்

திருப்பூரில் பையர் மீட்டிங் என்றால் பூங்கொத்து, இளநீர், அப்புறம் திரையில் கம்பெனியின் பெருமை. அரைமணி நேரம் இதிலேயே போய்விடும். எங்களிடம் எத்தனை தையல் மிஷின் இருக்கிறது என்பதை அவர் தெரிந்துகொண்டுதான் வந்திருப்பார். மெர்சண்டைசராக எனக்கு வேண்டியது ஜிஎஸ்எம் கட்டர், சின்னத் தராசு, லைட் பாக்ஸ், காஸ்டிங் ஷீட். இளநீர் இருந்தாலும் தப்பில்லை.

துணி மெலிதாக இருக்கிறது என்பார் பையர். வாதாடக் கூடாது. அவர் கண்முன்னே கட்டரால் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைக்க வேண்டும். அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். அதற்குமேல் பேச்சில்லை. நிறத்துக்கும் இதே கதைதான். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகிற ஷேட், ஐரோப்பியக் கடை விளக்கில் சிவப்படிக்கலாம். அதனால் லேப் டிப்பை, அதாவது சாயமிட்ட மாதிரித் துண்டை, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை விளக்குக்கான டிஎல்84 இரண்டிலும் காட்டுவேன். எந்த விளக்குக்கு அப்ரூவல் என்று அந்தத் துண்டின் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். விட்டால், சாயப்பட்டறையிலிருந்து மொத்தத் துணியும் வந்த பிறகு சண்டை வரும்.

விலையைக் கடைசியில் பேச வேண்டும் என்பது என் கட்சி. முதலாளிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஷிப்மென்ட் தேதி முடிவாகாமல் சொல்கிற விலை அரைகுறை விலை. தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பேக்கிங், தையல், கட்டிங், டையிங், நிட்டிங், நூல் என்று வந்து, லேப் டிப்பை அவர் எந்தத் தேதிக்குள் ஓகே செய்ய வேண்டும் என்பதில் போய் நிற்கும். கெடு அவருக்கும் உண்டு என்று தெரிந்ததும் பேரத்தின் குரலே மாறும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கி, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தபோது இந்தக் கெடு இன்னும் இறுகியது. எஃப்ஓபி ஆர்டர்தானே, கடல் பயணம் அவர் பாடு என்று இருக்க முடியாது. கடலில் கூடுகிற நாட்களை அவர் நம் தையல் நாட்களிலிருந்துதான் பிடுங்குவார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பி, தங்கைகளே, பையர் கோவை ஏர்போர்ட் போய்ச் சேர்வதற்குள் பேசியதையெல்லாம் மெயிலில் அனுப்பிவிடுங்கள். யார் எதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று போடுங்கள். முடியாது என்று நாம் சொன்னதையும் விடாமல் எழுதுங்கள்.