பிடித்துப் போன இரும்பு

திருகோணமலையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. வாடை மழையோடு வரும் உப்பு இடுக்கெல்லாம் புகுந்து குடியிருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் மேலே எல்லாம் காய்ந்து வெளுத்தாலும், நட்டின் புரிக்குள் ஈரம் போகாது. உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இந்த ஊரில் ஒரு காரை வருடக்கணக்காக நிறுத்தி வைத்தால் நட்டும் போல்டும் பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றையொன்று பிடித்து ஒரே துண்டாகிவிடும். அதை மறுபடி பிரிக்கத் தெரிந்தவர்களைப் பார்க்கத்தான் உட்துறைமுகப் பக்கம் உள்ள ஒரு கராஜுக்குப் போய்வந்தேன்.

நான்கு தூணில் நிற்கும் தகரக் கொட்டில். நடுவில் ஒரு மொரிஸ் மைனர் 1000. 948 சிசி எஞ்சின், அதாவது 1956க்கும் 1962க்கும் இடையில் வந்த வண்டி. 1990இல் அதன் சொந்தக்காரர் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது விட்டுப்போன காராம். கனடாவில் இருக்கும் மகன், அப்பாவின் காரை ஓடவைக்கச் சொல்லிக் காசு அனுப்புகிறார்.

கராஜ்காரரை எல்லாரும் நானா என்றே கூப்பிடுகிறார்கள். கிண்ணியாக்காரர். அவருடைய வாப்பா டொக்யாட்டில் ஃபிட்டர். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபின், கையிலிருந்த இஞ்ச் ஸ்பேனர் பெட்டியோடு கார்த் தொழிலுக்கு வந்தவர். அந்தப் பெட்டி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மைனரின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட் 12.7 மில்லிமீற்றர். இப்போதைய 13 ஸ்பேனர் அதில் ஏறும்தான். ஆனால் இடையில் நிற்கும் அந்த 0.3 போதும், இறுகிய நட்டின் மூலைகளை வழித்துவிட.

“உருட்டிப் போட்டுத்தான் இஞ்ச கொண்டு வாறாங்க தம்பி. துருவக் கழட்டலாம், உருண்ட நட்டக் கழட்டுறதுதான் பாடு” என்றார்.

துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். புரிகளுக்கு இடையில் உள்ள மயிரிழை இடைவெளியை நிரப்பிக்கொண்டு, அதற்குப் பிறகும் வீங்கப் பார்க்கும். அதனால் எதிர்ப்பக்கம் பலம் போட்டால் போல்ட்தான் முறியும். சைலன்சர் பக்க நட் ஒன்றில் நானா கைவைத்தபோது நான் கவனித்தது, அவர் முதலில் அதைக் கழற்றவில்லை, இறுக்கினார். மிகக் கொஞ்சம், ‘கிர்’ என்று ஒரு சத்தம் வரும் அளவுக்கு. துருவின் பிடி அதில் முதலில் உடைகிறது. அப்படியும் விடாததற்குக் காஸ் நெருப்பு. நெருப்பு நட்டின் மேல் மட்டும்தான், போல்ட்டில் படக்கூடாது. நட் விரிய வேண்டும், உள்ளே இருப்பது விரியக்கூடாது. சூடு சற்று இறங்கியதும் ஒரு மெழுகுதிரியைப் புரியின் வாயில் வைத்தார். மெழுகு உருகி வெளியே வழியவில்லை, உள்ளே போனது. கண்ணுக்குத் தெரியாத இடுக்கு ஒன்று திரவத்தைக் குடிப்பதை நான் அவ்வளவு கிட்ட நின்று பார்த்ததில்லை.

பிறேக் வேலை இன்னும் அழகு. மைனரின் முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு சிறிய சிலிண்டர்கள். பிறேக் ஒயிலும் ஈரத்தை உறிஞ்சும் சாமான் என்பதால், அவை உள்ளேயிருந்தே துருப்பிடித்து பிஸ்டனைக் கவ்விக்கொள்கின்றன. சிலர் கம்பிரசர் காற்றை அடிப்பார்கள். காற்று அமுங்கிக்கொண்டே போய், பிஸ்டன் விடும்போது துப்பாக்கிக் குண்டாகப் பாயும். விரல் போகும், கண்ணும் போகும். நானா ஒயில் வரும் துளையில் அதே புரியுள்ள கிறீஸ் நிப்பிள் ஒன்றைப் பூட்டி, காற்றுத் திருகை மூடி, கிறீஸ் கன்னால் அடித்தார். கிறீஸ் அமுங்காது. கைப்பிடி கனத்தது, ஓரிடத்தில் நின்றே விட்டது, பிறகு பிஸ்டன் ஒரு நூல் நகர்ந்தது. அடுத்த அடிக்கு இன்னொரு நூல். கடைசியில் அவருடைய உள்ளங்கையில் சத்தமில்லாமல் வந்து விழுந்தது. துடைத்துவிட்டு சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பார்த்தார். குழி விழுந்திருந்தது. தூக்கிக் குப்பைப் பெட்டியில் போட்டார். பிறேக்கில் கஞ்சத்தனம் காட்டுபவர் இல்லை.

எஞ்சின்தான் பெரிய காரியம். நான்கு சிலிண்டர் எஞ்சின் எப்படி நின்றாலும் எங்காவது ஒரு வால்வு திறந்தே இருக்கும். அந்தச் சிலிண்டருக்குள் கடற்காற்று இத்தனை வருடமும் போய்வந்திருக்கிறது. வார்ப்பிரும்புச் சுவரில் துரு வளையம் கட்டி, பிஸ்டனின் றிங்குகளை அசையவிடாமல் பிடித்துவிட்டது. பிளக்குகளைக் கழற்றி, பவர் ஸ்டியரிங் ஒயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, அப்படியே விட்டுவைத்திருந்தார். மட்டம் இறங்க இறங்க மேலே ஊற்றுவது மட்டும்தான் இடையில் நடந்த வேலை. மைனருக்கு முன்னால் செருகிச் சுற்றும் ஹாண்டில் உண்டு, ஆனால் அது ஒரு பக்கம்தான் சுற்றும். முன்னும் பின்னும் ஆட்டிக் கொடுத்தால்தான் துரு தூளாகும். ஆகவே நாலாம் கியரைப் போட்டுவிட்டு நானும் கராஜ் பையனும் காரை முன்னுக்குத் தள்ளினோம், பின்னுக்குத் தள்ளினோம். நானா எஞ்சின் மீது கைவைத்தபடி நின்றார். “வருது… இன்னொருக்கா… போதும், நிப்பாட்டுங்க!” பிளக் துளையிலிருந்து செம்மண் நிறத்தில் எண்ணெய் கொப்புளித்தது. அவர் மேலும் தள்ளவிடவில்லை. மறுபடி ஊற்றி மூடிவிட்டார்.

இத்தீவில் பழைய கார்களைக் காப்பாற்றியது ஆசை அல்ல, இல்லாமைதான் என்று நினைக்கிறேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தார் மைனரையும் ஒஸ்டினையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியிலும் பல பழைய வண்டிகள் கொட்டிலை விட்டு வெளியே வந்தன. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேர் 1990களில் மைனருக்கான தகட்டுப் பாகங்களை இங்கே செய்வித்து எடுத்தார் என்றால், கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனாலும் கூலியைப் பார்த்தால் மனம் கசக்கிறது. பெயின்ற் அடித்தவருக்குக் கேட்ட காசு கிடைக்கிறது, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. நானாவின் பில்லில் ‘லேபர்’ என்று ஒரே வரி. எண்ணெய் ஊறிய நாட்களுக்கு அதில் ஒரு சதம்கூட இல்லை. எப்போது விட வேண்டும், எப்போது தொடக்கூடாது என்ற அறிவுதான் இந்தத் தொழில். அதற்கு விலை போட வாடிக்கையாளர் யாரும் தயாரில்லை. கூடத் தள்ளிய பையன் கட்டாருக்குப் போக பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் குறையில்லை. கிறீஸ் கன்னை அவன் கையில் கொடுத்து நானா பக்கத்தில் நின்றபோது, எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

நான் வெளிக்கிடும் நேரம் கனடாவிலிருந்து போன் வந்தது. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாராம், கார் ஓடுமா என்று கேட்டார். நானா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “கிளச்சும் முன் சக்கரத்து இடது பக்க ட்ரனியனும் இன்னும் விடல்ல மகன். விட்டாப் பொறகுதான் திகதி சொல்லுவன்” என்றார்.