நெற்களத்தில் கொப்பரை

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி போகும் வழியில் ஒரு பழைய அரிசி மில். 2018 நவம்பர் 16இல் அடித்த கஜா புயலில் கூரைத் தகரம் பறந்துவிட்டது. நெல் அரைக்கும் ஹல்லர் நின்ற மேடையில் போல்ட் துளைகள் மட்டும் மிச்சம். இரும்பெல்லாம் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒழுங்குபடுத்திய ஒரு பகுதியில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். நான் பார்க்கப் போனது பின்பக்கத்துக் களத்தை.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடித்தபின் கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரித் தண்ணீர் இந்தப் பக்கத்துக்கும் வந்தது. நெல் விளைந்த ஊரில் மில் வராமல் இருக்குமா? புழுங்கலரிசிக்கு நெல்லை ஊறப்போட்டு, அவித்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அதனால் களம்தான் மில்லில் பாதி. பிறகு டிரையரும் கறுப்பரிசி பொறுக்கும் கலர் சார்ட்டரும் வந்தன. அவற்றுக்குப் பணம் போட முடியாதவர்கள் மில்லை மூடினார்கள்.

களத்தில் இப்போது தேங்காய் காய்கிறது. நடு உயர்ந்து இருபக்கமும் சரியும் தளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, சாயங்காலம் மேட்டில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடலாம். நெல்லுக்கென்று போட்ட இந்த வாட்டம் கொப்பரைக்கும் அப்படியே பொருந்துகிறது. மண் ஒட்டினால் விலை இறங்கும் என்பதால் வழவழப்பான பழைய தளத்துக்குக் கிராக்கி.

அரிவாளின் பின்புறத்தால் ஒரு தட்டு, திருப்பி இன்னொரு தட்டு. காய் இரண்டாகப் பிளக்கிறது. மூடிகளை வாய் மேலே இருக்கும்படி பரப்புகிறார்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் பருப்பு சுருங்கிக் கொட்டாங்கச்சியை விட்டு நகரும். அப்போது தோண்டியெடுத்து மறுபடி காயவைக்க வேண்டும். பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நல்ல கொப்பரையில் 6 சதவீதம்தான் இருக்கலாம். அதற்கு ஒரு வாரமாவது ஆகும்.

இதே மில்லில் நெல் காயவைத்த அம்மா ஒருவர் இப்போது கொப்பரை தோண்டுகிறார். “நெல்லுன்னா காலால துழாவிக்கிட்டே நடந்துடலாம் தம்பி. இதுக்குப் பூரா குனியணும், இடுப்பு போயிடுது” என்றார். காய்ந்ததா என்று பார்க்க அவருக்குக் கருவி வேண்டாம். ஒரு துண்டை எடுத்து ஒடித்தார், சட்டென்று ஒடிந்தது. வளைந்தால் இன்னும் ஈரம், பூஞ்சை பிடிக்கும்.

கஜாவில் தென்னைகள் சாய்ந்தபின் இந்தக் களமும் ஆளில்லாமல் கிடந்ததாம். புதிதாக நட்ட நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம் பிடிக்குமே. மூடிய மில்களை அருங்காட்சியகமாக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. வேலை நடக்கிற களமே போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் இங்கே வேலை இல்லை. பெண்கள் சம்பா வயலில் களையெடுக்கப் போகிறார்கள். கொட்டாங்கச்சியையே எரித்து ஓடும் டிரையர் ஒன்று வாங்க யோசிப்பதாக உரிமையாளர் சொன்னார். வந்தால் பரப்பவும் வாரவும் ஆள் தேவைப்படாதே என்றேன். “பிளக்க, தோண்ட ஆள் வேணும்ல” என்றார். எத்தனை பேர் என்று கேட்டேன்; டிரையர் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.