ஈரக் காட்டுக்கு ஏற்ற காலணி

பூசை விடுமுறை நெருங்கிவிட்டால், மேல் அஸ்ஸாமில் வாழும் நம்மவர் இல்லங்களில் ‘இம்முறை எங்கே போவது?’ என்ற பேச்சு எழுந்துவிடும். ஷில்லாங்கும் காசிரங்காவும் பார்த்தாயிற்று என்னும் அன்பர்கள் இப்போது ஜெய்ப்பூர்க் காட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். எங்கே தங்கலாம், சோறு கிடைக்குமா என்று கேட்கிறார்களே அன்றி, காலில் என்ன அணிந்து போவது என்று ஒருவரேனும் கேட்டாரில்லை. 2023-ஆம் ஆண்டு நாங்களும் கேட்கவில்லை. அதன் விளைவையே இங்கு எழுதுகிறோம்.

இந்த ஜெய்ப்பூர் ராஜஸ்தானத்து ஜெய்ப்பூர் அன்று. திப்ருகார் மாவட்டத்தில், பூரி திஹிங் ஆற்றை அடுத்த மழைக்காடு இது. தின்சுகியாவில் ரயிலேறி நாகர்கட்டியாவில் இறங்கி, அங்கிருந்து வண்டி பிடித்துச் செல்லலாம். திஹிங் பட்காய் என்ற பெயரில் 2004-இல் 111 சதுர கிலோமீட்டர் சரணாலயமாக இருந்தது, 2021-இல் ஜெய்ப்பூர்ப் பகுதியையும் சேர்த்துத் தேசியப் பூங்காவாயிற்று. அஸ்ஸாமின் மாநில மரமாகிய ஹோலோங் இங்கே நாற்பது, ஐம்பது மீட்டர் உயரத்துக்குத் தூண் போல எழுந்து நிற்கிறது. அதன் உச்சியைப் பார்க்க முயன்று, தலைத்துண்டு நழுவி விழாதவர் இல்லை. அவ்வளவு உயரத்தில் கவிந்த இலைக்கூரையின் கீழே வெயிலுக்கு வேலையில்லை. மழை நின்று இரண்டு நாளானாலும் சருகு ஈரம், வேர் ஈரம், காற்றும் ஈரம். காலையில் நனைந்த காலணி மறுநாள் காலையிலும் நனைந்தே இருக்கும். இந்த ஒன்றை முன்னமே அறிந்திருந்தோமானால் மற்ற யாவும் தாமே விளங்கியிருக்கும்.

அவ்வாண்டு எங்கள் தந்தையார் ஈரோட்டிலிருந்து விவேக் எக்ஸ்பிரஸில் வந்திருந்தார். பேரனுடன் தாமும் காட்டுக்கு வருவதாகச் சொன்னார். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாங்களோ குவாஹாட்டியில் ஒரு கடையில் ஏழாயிரம் ரூபாய் கொடுத்து, தண்ணீர் புகாது என்று உறுதி கூறப்பட்ட தோல் பூட்ஸ் வாங்கியிருந்தோம். அவருக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. கேட்டதற்கு, “எனக்கெதுக்குத் தம்பி பூட்ஸு? வெறுங்காலோட வரப்புல நடந்தவன் நானு” என்றார். அந்தச் சொல் எங்களுக்கு வசதியாயிருந்தது என்பதே உண்மை. எங்கள் பழைய தோல் ஷூ ஒன்றை, ஓர் அளவு பெரிதானதை, இரண்டு காலுறை போட்டு அணியுமாறு கொடுத்தோம்.

காட்டுக்குள் வழிகாட்டியாக வந்த இளைஞரின் காலில் இருந்தது, ரப்பர் அடியும் கணுக்காலுக்கு மேல் உயர்ந்த பச்சைக் கான்வாஸும் கொண்ட மலிவான பூட்ஸ். எங்களுடையதை அவர் ஒருமுறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரை மணியில் முதல் ஓடை குறுக்கிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர். புகாத பூட்ஸில் தண்ணீர் மேல்வாய் வழியாகப் புகுந்தது. புகுந்த தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் உள்ளே சளக் சளக் என்றது. வழிகாட்டியோ கரையேறிப் பத்து எட்டு நடந்ததும் அவர் காலணித் தண்ணீரெல்லாம் பிதுங்கி வெளியேறிவிட்டது.

தந்தையார் ஒரு முணுமுணுப்பும் இன்றி நடந்தார். மரக்கிளைகளில் ஊலக் குரங்குகள் கூட்டமாய்க் கூவத் தொடங்கியபோது, கைத்தடியை ஊன்றி நின்று சிறுவனைப் போலச் சிரித்தார். வாலில்லாத அந்தக் குரங்கினம் நம் நாட்டில் வடகிழக்கில் மட்டுமே வாழ்வது. கூவல் ஓயும் வரை அவர் அங்கிருந்து அசையவில்லை.

மாலையில் விடுதிக்குத் திரும்பி அவர் காலுறையைக் கழற்றினோம். வலது குதிகாலில் எட்டணாக் காசு அளவு தோல் உரிந்து, சதை வெளுத்திருந்தது. “வலிக்கலையாப்பா?” என்றோம். “எங்கே?” என்றார் அவர். குனிந்து பார்த்த எங்கள் வீட்டம்மாள், “மாமா, ரத்தம் வருதுங்க” என்ற பிறகே அவருக்குத் தெரிந்தது. நீண்ட நாள் சர்க்கரை நோய் பாத நரம்புகளைக் கெடுத்துவிடுமாதலால், உராய்வும் கொப்புளமும் தெரிவதில்லை. வலி என்னும் காவலாளி உறங்கிவிட்ட வீடு அது.

அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆயிற்று. ஒரு விரலை எடுக்க நேருமோ என்று மருத்துவர் ஐயுற்ற பத்து நாட்களை இங்கு விரிக்க மனமில்லை. விரல் தப்பியது.

அதன் பிறகுதான் காலணியைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் தொடங்கினோம். ஈரக்காட்டில் தண்ணீரைத் தடுக்க முயல்வது வீண். வந்த தண்ணீரை விரைந்து வெளியேற்றும் காலணியே வேண்டும். இதை அமெரிக்கப் படையினரும் பட்டே அறிந்தனர். எங்களூருக்கு அருகிலுள்ள லேடோவிலிருந்து 1942 டிசம்பரில் பர்மா நோக்கிச் சாலை போடத் தொடங்கினார்கள் அல்லவா? அதே ஆண்டில்தான் கான்வாஸும் ரப்பரும் கொண்ட காட்டு பூட்ஸ் அவர்கள் படைக்குச் செய்யப்பட்டது. பின்னர் வியட்நாமில் அணிந்ததில், பாதவளைவின் அருகே நீர் வடியத் துளைகளும் வைத்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் காணும் முழங்கால் ரப்பர் பூட்ஸ் சேற்றுக்கு நல்லது, அட்டைக்கும் நல்லது. ஆயினும் நெடுநேரம் நடந்தால் குதிகால் வழுக்கிக் கொப்புளம் உண்டாகும், ஓடையில் நிறைந்தால் வாளியாகிவிடும். தோல் பூட்ஸை மலைநாட்டுக் குளிருக்கு ஒதுக்கிவிடலாம். எங்களது இப்போது பரணில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கிறது.

எந்தக் காலணியாயினும் புதிதாக வாங்கி அப்படியே காட்டுக்குக் கொண்டு போகலாகாது. இரண்டு வாரமாவது வீட்டிலும் தெருவிலும் நடந்து பழக்க வேண்டும், ஒருமுறை நனைத்தும் நடந்து பார்க்க வேண்டும். வாங்குவதும் மாலையில் வாங்குவது நலம், பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். பருத்திக் காலுறை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ நைலான் கலந்ததோ நன்று.

அட்டைக்கு அஞ்சிப் பலர் வருவதில்லை. நெருக்கமாக நெய்த துணியை அட்டையால் துளைக்க இயலாது. பழைய தலையணை உறைகளைக் கொண்டு எங்கள் வீட்டம்மாள் முழங்கால் வரை பைபோலத் தைத்து, மேலே நாடா கோத்துக் கொடுத்தார். காலுறைக்கு மேல் அதை அணிந்து, அதன்மேல் காலணி. வெளிர் நிறத் துணியானால் ஏறும் அட்டை கண்ணுக்குத் தெரியும். கடித்த அட்டையின் மேல் உப்பைக் கொட்டுவதும் தீக்குச்சியால் சுடுவதும் தவறு. அது உண்டதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக் கூடும். குறுகிய முனையில் நகத்தை நுழைத்து நெகிழ்த்தி, பிறகு மறுமுனையை எடுக்க வேண்டும். ரத்தம் உறையாதிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் சிறிது நேரம் கசியும், துணி வைத்து அழுத்தினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்போர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

மூட்டையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பார்சல் அலுவலகத்தில் நாள்தோறும் பிறர் சுமையை நிறுக்கும் நாங்களே, அப்பயணத்தில் மூன்று குடையும் ஒரு இரும்புப் பெட்டியும் தூக்கிப் போனோம் என்றால் நகைப்பீர்கள். குடை கொடிகளில் சிக்கிக் கிழிந்தது. பைக்குள் கனத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் துணி, அவ்வளவே. இரவுக்கென்று ஓர் இணை உலர்ந்த காலுறையும் செருப்பும் தனி உறையில் இருக்கட்டும், எக்காரணத்தாலும் பகலில் அவற்றைத் தொடலாகாது. ஈரப்பாதம் இரவிலேனும் உலராவிட்டால் தோல் ஊறிப் புண்ணாகும். டார்ச், கொசுவலை, மருந்துகள். நனைந்த காலணிக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள். நம் சங்க இதழை அல்ல. காலையில் அணியுமுன் காலணியைக் கவிழ்த்துத் தட்டுதலும் வேண்டும்.

இவ்வாண்டு டிசம்பரில், மழையும் அட்டையும் குறைந்த நாட்களில், மறுபடியும் போக எண்ணியுள்ளோம். ஓடை வரை மட்டும், அரை மணிக்கு ஒருமுறை காலணியைக் கழற்றிப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தந்தையாருக்கு மருத்துவர் இசைவளித்திருக்கிறார். அவர் அளவுக்கே கான்வாஸ் பூட்ஸ் வாங்கி ஈரோட்டுக்கு அனுப்பினோம். சென்ற ஞாயிறு தொலைபேசியில் பேசினார். “தெனமும் கெணத்தடியில தண்ணி ஊத்தி நனைச்சுப் போட்டுட்டுத்தான் நடக்கறேன் தம்பி. பக்கத்து வூட்டுக்காரங்க எல்லாம் சிரிக்கறாங்க” என்றார். பிறகு சற்று நிறுத்தி, அந்தக் குரங்குகள் டிசம்பரிலும் கூவுமா என்று கேட்டார்.